அளத்துக் கால்களும் ஆஸ்பத்திரிக் கணக்கும்

"இலவசமாகக் கொடுத்துக் கொடுத்தே ஜனங்களைக் கெடுத்துவிட்டார்கள்." இந்த வாக்கியத்தை மாதத்துக்கு நான்கு தடவையாவது கேட்கிறேன். காலை நடையில், ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில், கல்யாண வீட்டுப் பந்தியில். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. நம்மைப் போல முப்பது வருடம் சர்க்கார் உத்தியோகம் பார்த்து, பிள்ளைகளைக் கரையேற்றி, இன்று சர்க்கரையும் ரத்தக் கொதிப்புமாக உட்கார்ந்திருப்பவர்கள்தான். அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் தன் உடம்பைத் தானே கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள், அதனால்தான் ஆஸ்பத்திரிக்குப் பணம் போதவில்லை, வெளிநோயாளிச் சீட்டுக்குப் பத்து ரூபாயாவது வாங்கினால் தேவையில்லாத கூட்டம் குறையும் என்பது இவர்கள் கட்சி. இப்போது இதைச் சங்கத்தில் தீர்மானமாகவே போட்டு மேலே அனுப்பலாம் என்று சிலர் பேசுகிறார்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் எழுதினால் சண்டைதான் வரும். அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஊசி போடத் தெரியாது. தென் மாவட்டங்களில் மூன்று அரசு ஆஸ்பத்திரிகளில் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவிலும் பிறகு கணக்குப் பிரிவிலுமாக 31 வருடம் உட்கார்ந்தவன். எந்தெந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்கே இன்று இருப்பவர்களுக்குத்தான் சங்கடம், மூன்றிலும் கதை ஒன்றுதான். கேஸ் ஷீட் படிக்கத் தெரியும், செலவுத் தலைப்பு தெரியும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் அதிகம் பேர் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு ஒரு மனிதன் வந்து படுத்தால் ஒரு ஐ.பி. நம்பர். டிஸ்சார்ஜ் ஆகி மறுபடி வந்தால் வேறு நம்பர். ஐந்து தடவை வந்தால் ஐந்து நம்பர். வருடாந்திரப் புள்ளிவிவரத்தில் அவர் ஐந்து உள்நோயாளிகள். என் காலத்தில் அந்த ஐந்து கட்டுகளையும் ஒரே மேஜையில் யாரும் பிரித்து வைத்ததில்லை. அதற்கு வேளையும் இல்லை.

ஒரு தடவை வைக்க நேர்ந்தது. ஐம்பது வயது தாண்டிய ஒருவர், மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காகப் பழைய கேஸ் ஷீட் நகல் கேட்டு வந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஒன்றரை வருடத்தில் நான்கு அட்மிஷன், நான்கு கட்டு. முதல் கட்டில் பெருவிரலில் புண், சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருக்கிறது. ஆறாம் நாள் சிவப்பு மையில் 'அப்ஸ்காண்டட்', அதாவது சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனார். இரண்டாம் கட்டில் விரலை எடுத்திருக்கிறார்கள். மூன்றாவதில் பாதத்தில் பாதி. நான்காவதில் காலே. நான்கிலும் தொழில் என்ற இடத்தில் ஒரே வார்த்தை, 'கூலி'.

என்ன கூலி என்று கேட்டேன். அளத்து வேலை. தூத்துக்குடிப் பக்கத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முள்ளக்காட்டிலிருந்து வேப்பலோடை வரைக்கும், தெற்கே ஆறுமுகநேரி வரைக்கும் உப்பளம்தான். குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதில் பெரும்பங்கு இந்தக் கரையில். பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு நிற்கிறார்கள், இல்லாவிட்டால் சாக்ஸ் மாதிரி எதையாவது சுற்றிக்கொள்கிறார்கள். கெட்டியான உப்புநீர், ஊசி ஊசியான உப்புக் கல். நல்ல காலிலேயே வெடிப்பு விழும். சர்க்கரை வந்து உணர்ச்சி மரத்துப்போன கால் என்றால் வெட்டுப்பட்டதே தெரியாது.

"ஏன் ஓடிப்போனீர்?" என்றேன்.

"ஓடலை சார். சீசன்ல அட்வான்ஸ் வாங்கியாச்சு. நான் ஆறு நாளு கட்டில்ல படுத்தா குடுத்தவன் வீட்டு வாசல்ல வந்து நிப்பான். வீட்ல பொம்பளப்புள்ள இருக்கு. போயி வேலையப் பாத்துட்டு வரலாம்னு போனேன்."

இதை நம் நண்பர்கள் 'அலட்சியம்' என்கிறார்கள். கேஸ் ஷீட்டும் அலட்சியம் என்றுதான் சொல்கிறது. அந்த மனிதர் போட்ட கணக்கு தப்பில்லை. மழை மாதங்களில் அளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்காக இப்போது அரசு வருடத்துக்கு 5000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது, நல்ல காரியம். ஆனால் அந்த மாதங்களின் கடனை வேலை மாதங்களில்தான் அடைத்தாக வேண்டும். நமக்கெல்லாம் மெடிக்கல் லீவு இருந்தது. சம்பளத்தோடு படுத்து, சம்பளத்தோடு எழுந்தோம். அவருக்கும் பத்து நாள் சம்பளத்தோடு லீவு இருந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்பதை எங்கள் சர்ஜனே சொன்னார்.

இதில் ஆஸ்பத்திரியின் பணம் எங்கே வருகிறது என்று பாருங்கள். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இன்று குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. இதனால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர், அந்தத் திட்டத்தை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். தனியார் ஆஸ்பத்திரிக்கு மட்டுமல்ல, அரசு ஆஸ்பத்திரியில் செய்யும் சிகிச்சைக்கும் அதே காப்பீட்டிலிருந்து தொகை வருகிறது. அந்தப் பணத்தில் கருவி வாங்குகிறோம், ரிப்பேர் பார்க்கிறோம், ஒரு பங்கு ஊழியர்களுக்கு ஊக்கத்தொகையாகப் போகிறது. அதனால் மாதக் கூட்டத்தில் முதல் கேள்வியே இந்த மாதம் எத்தனை கேஸுக்கு முன் அனுமதி போட்டீர்கள் என்பதுதான்.

சரி, எதற்குத் தொகை வருகிறது? அறுத்தால் வரும், டயாலிசிஸ் செய்தால் வரும். புண்ணைத் தினமும் துடைத்துக் கட்டி, அவருக்கு ஏற்ற செருப்பு வாங்கிக் கொடுத்து, காலைக் காப்பாற்றி அனுப்பினால் அந்தச் செருப்புக்கு ஒரு காசு வராது. கால் போனால் வரவு, கால் தப்பினால் செலவு. இப்படி ஒரு பேரேட்டை எழுதி வைத்துவிட்டு, நோயாளிக்குப் பொறுப்பில்லை என்கிறோம்.

செருப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எம்.சி.ஆர். செருப்பு என்று ஒன்று உண்டு, மெத்தென்ற ரப்பர் அடி வைத்தது. தொழுநோயால் உணர்ச்சி போன கால்களுக்கு வெகுகாலமாகக் கொடுத்து வருகிறார்கள், சர்க்கரைக் காலுக்கும் அதுதான் மருந்து. நான் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு கண்காணிப்பாளர், நல்ல மனுஷர், சங்க நிதியிலிருந்து நாற்பது ஜோடி வாங்கிக் கொடுத்தார். அடுத்த தணிக்கையில் ஆட்சேபணை. செருப்பு மருந்தா, கருவியா, தளவாடமா? எந்தத் தலைப்பில் செலவிட்டீர்கள்? பதில் எழுதியே எனக்குப் பேனா தேய்ந்தது. அடுத்து வந்தவர் அந்தப் பக்கமே போகவில்லை. அதே வருடம் காலெடுத்த கேஸ்கள் ஒன்றுக்குக்கூடத் தணிக்கையில் கேள்வி வரவில்லை. ஏன் வரும்? எல்லாம் முறைப்படி இருந்தது.

பெண்கள் கதை வேறு. அளத்தில் பாதிக்கு மேல் அவர்கள்தான் சுமக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று, கல், கடைசியில் சிறுநீரகம். தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று டாக்டர் சொல்லாத நாளில்லை. ஓ.பி. வரிசையில் நின்ற ஒரு அம்மாள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தண்ணி குடிச்சா ஒதுங்கணும்லா அண்ணாச்சி? எங்க போயி ஒதுங்க? கண்ணுக்கெட்டுன தூரம் வெள்ளப் பாத்திதான். காலைல வீட்ல போனா அப்புறம் வீட்டுக்கு வந்துதான்."

வெயிலில் வேர்த்து ஊற்றுகிறது, குடிக்கவும் முடியாது. சிறுநீரகம் என்ன செய்யும்? சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் 350-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்து 2023-ல் வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்கிறார்கள், சிலருக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறனே குறைந்திருக்கிறது. உப்பளம் தொழிற்சாலைச் சட்டத்துக்குள் வருமா என்ற கேள்விக்கு, பம்பாய் வழக்கொன்றில் வரும் என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1948-ஆம் வருடச் சட்டம் அது. குடிநீர் வைக்க வேண்டும், கழிப்பிடம் கட்ட வேண்டும், பெண்களுக்குத் தனியாக வேண்டும் என்று அதில் இருந்தது. அளத்து முதலாளி கட்டாத கழிப்பிடத்தின் செலவை யார் கொடுக்கிறார்கள்? வாரம் இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ் என்று அரசு ஆஸ்பத்திரி கொடுக்கிறது. அந்த அம்மாளின் ஆயுள் முழுக்கக் கொடுக்கிறது. முதலாளி மிச்சம் பிடித்த பணம் அது. இலவசம் என்று யாரையாவது திட்டித்தான் ஆகவேண்டுமென்றால் அவரைத் திட்டுங்கள். இலவசமாக வாங்கிக்கொண்டவர் அவர்தான்.

சாப்பாட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சம்பந்தமில்லை என்று வாதாடுகிறவர்கள் காசநோயை இழுக்கிறார்கள். சென்ற மாதம் ஒரு நண்பர், படித்தவர், 1956-ல் சென்னையில் நடந்த ஆய்வை எடுத்துக்காட்டினார். உண்மைதான், பெருமைப்பட வேண்டிய ஆய்வு. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், ஏழைக் காசநோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்து வைத்தார்கள். பாதிப் பேருக்கு வீட்டிலேயே மருந்து. 1959-ல் முடிவு வந்தபோது குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடத் தொடங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். "பார்த்தீரா, சாப்பாடு முக்கியமில்லை, மருந்துதான் முக்கியம்" என்றார் நண்பர்.

ஆய்வு சொன்னது அதுவல்ல. மருந்தைச் சரியாகச் சாப்பிட்டால் வீட்டிலும் குணமாகும் என்றது. அதற்காக மருந்து சாப்பிடுகிறார்களா என்று ஆட்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள், அதை நண்பர் விட்டுவிட்டார். யாருக்கு நோய் வருகிறது என்ற கேள்வியை அந்த ஆய்வு தீர்த்துவைக்கவில்லை. அதற்குப் பதில் 2023-ல் 'லான்செட்' பத்திரிகையில் வந்தது. ஜார்க்கண்டில் 2800 காசநோயாளிகளின் குடும்பங்கள், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள். டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா இருவரும், நம் சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்தது. ஒரு பகுதிக் குடும்பங்களில் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அவ்வளவுதான். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பருப்பு தடுப்பூசி வேலை பார்த்திருக்கிறது! காசநோயாளிக்கு மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது, 2024 நவம்பரிலிருந்து 1000 ஆக்கியிருக்கிறார்கள். போதுமா என்பது வேறு. ஆனால் 'சோறு மருத்துவச் செலவு' என்று ஒரு தலைப்பு முதல் தடவையாகப் பேரேட்டில் ஏறியிருக்கிறது. கணக்குப் பிள்ளையாக இருந்தவனுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆணை வந்தபோது நம்மில் பலர் சிரித்தோம், ஊர் சுற்றப் போகிறார்கள் என்று ஜோக் அனுப்பினோம். நான் சிரிக்கவில்லை. மாத்திரை வாங்கும் நாளன்று போக வர முப்பது நாற்பது ரூபாய் இல்லாமல் நின்றுவிட்ட பெண்களின் அட்டைகளை நான் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் ஜாம் ஜாமென்று டிக் விழுந்திருக்கும், அப்புறம் வெறும் கட்டம். அடுத்து அந்தப் பெயரைப் பக்கவாத வார்டில் பார்ப்பேன். மாத்திரை என்ன விலை? தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மொத்தமாக வாங்கி அனுப்புவதால் ரத்தக் கொதிப்பு மாத்திரை நமக்குக் கிட்டத்தட்ட சும்மா வருகிற மாதிரி. அதை வாங்க வருகிற பஸ் சார்ஜ்தான் விலை. அதே வருடம் ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோனார்கள். எந்தக் கட்சி செய்தது என்று பார்த்து நல்லதா கெட்டதா என்று முடிவு கட்டுகிறவர்களோடு நான் பேசுவதில்லை.

குடிக்கிறானே, அதற்கு என்ன சொல்கிறீர் என்பீர்கள். குடிக்கிறான். கல்லீரல் வார்டு நிரம்பித்தான் வழிகிறது. ஆனால் 2003 முதல் சில்லறைக் கடையையும் நடத்துவது யார்? கடையின் வரவு ஒரு துறையின் பேரேட்டில், கல்லீரல் வார்டின் செலவு இன்னொரு துறையின் பேரேட்டில். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் பொறுப்பில்லாதவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் வருகிறது. பத்து மணி நேரம் உப்பில் நின்றவன் உடம்பு வலிக்கு வேறு என்ன வைத்திருக்கிறோம் என்றும் ஒரு கேள்வி இருக்கிறது, அதை விடுகிறேன்.

என் மகன் வழியாக அமெரிக்க விஷயம் ஒன்று தெரிந்துகொண்டேன். அங்கே 2012 அக்டோபரிலிருந்து, மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா மாதிரி நோய்களில் டிஸ்சார்ஜ் ஆன முதியவர்கள் 30 நாளுக்குள் அளவுக்கு மீறித் திரும்பி வந்தால் ஆஸ்பத்திரிக்கு வரும் அரசுப் பணத்தில் வெட்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்டு அதிகம் விழுந்தது ஏழைகளைப் பார்க்கும் ஆஸ்பத்திரிகளில். வைத்தியம் மோசம் என்று சொல்ல முடியாது, திரும்பிப் போன வீட்டில் கவனிக்க ஆளில்லை. கூச்சல் எழுந்து, 2016-ல் சட்டம் போட்டு, ஏழை நோயாளிகளைப் பார்க்கும் ஆஸ்பத்திரியை அதே மாதிரி ஆஸ்பத்திரியோடுதான் ஒப்பிட வேண்டும் என்று மாற்றினார்கள். அவ்வளவு பணக்கார தேசமே நோயாளியின் வீட்டைக் கணக்கில் சேர்க்காமல் ஆஸ்பத்திரிக் கணக்கு எழுத முடியாது என்று நான்கு வருடத்தில் ஒத்துக்கொண்டது.

இப்போது நம் பத்து ரூபாய். அதை வாங்க ஒரு கவுண்டர், ஒரு ஆள், ரசீதுப் புத்தகம், மாலையில் கூட்டல், மறுநாள் கருவூலத்தில் செலான், வருடக் கடைசியில் தணிக்கை. இந்த வேலையைச் செய்தவன் சொல்கிறேன், வசூலில் கணிசமான பங்கு வசூலுக்கே போகும். யார் வராமல் நிற்பார்கள்? சும்மா பொழுதுபோக்க வருகிறவர் என்று நீங்கள் நினைக்கிறவர் நிற்க மாட்டார், அவரிடம் பத்து ரூபாய் இருக்கிறது. காலில் சின்னப் புண்ணோடு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறவர் நிற்பார். நாற்பது நாள் கழித்து வருவார். அப்போது அவரிடம் நீங்கள் பத்து ரூபாய் வாங்க மாட்டீர்கள், ஸ்ட்ரெச்சரில் வருவார்.

நமக்கே மாதாமாதம் மருத்துவப்படி வருகிறது, ஓய்வூதியர் காப்பீடு இருக்கிறது, பிடித்தம் போக மிச்சம் அரசு பார்த்துக்கொள்கிறது. இவ்வளவையும் உரிமை என்று கேட்டு வாங்கிய சங்கம், அளத்துக்காரரின் சீட்டுக்குப் பத்து ரூபாய் வை என்று தீர்மானம் போடுவது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்படித் தீர்மானம் போட்டால் என் பெயரை எதிர்ப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

தீர்மானம் போட்டே ஆகவேண்டுமென்றால் விஷயம் இருக்கிறது. காப்பீட்டிலிருந்து வரும் பணத்தில் ஒரு சிறு பங்கைச் செருப்புக்கும், வழிச்செலவுக்கும், வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாதவர் இன்சுலின் வைக்கும் மண்பானைக்கும் கண்காணிப்பாளர் தணிக்கை பயமில்லாமல் செலவிட ஒரு தலைப்புத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். கேஸ் ஷீட்டில் 'கூலி' என்று எழுதாமல் என்ன கூலி, எங்கே என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுதினால்தான் தொழிற்சாலை ஆய்வாளரிடம் காட்ட ஒரு காகிதமாவது இருக்கும், இந்த அளத்திலிருந்து இத்தனை சிறுநீரகம் என்று. வார்டுக்கு ஒரு மருத்துவ சமூகப் பணியாளர் கேளுங்கள். ஆறாம் நாள் ஒருவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்க்கும்போது, சிவப்பு மையைத் திறப்பதற்கு முன்னால், "அட்வான்ஸ் எவ்வளவு வாங்கினீர்?" என்று கேட்க அங்கே ஒரு ஆள் வேண்டும்.